இருட்டில் விழுந்த கண்ணீர்

(மதுரையை அடுத்த பரவையில் நடந்து தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பட்டிமன்றம். தலைப்பு: 'தமிழ்த் திரைப்படத்தில் ஓங்கி நிற்பது நகையே! அச்சமே! அழுகையே!' அழுகை அணியின் நிறைவுப் பேச்சு.)

நடுவர் அவர்களே! இதுவரை எங்களைச் சிரிக்க வைத்தும் பயமுறுத்தியும் பேசி அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! பாயை விரித்து, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பரவை ஊர்த் தாய்மார்களே, பெரியோர்களே!

'பரவை' என்றால் பழந்தமிழில் கடல் என்று ஒரு பொருள் உண்டு. பரந்து கிடப்பதால் பரவை. கடலில் என்ன இருக்கு? உப்புத் தண்ணி. கண்ணீர் என்பது என்ன? அதுவும் உப்புத் தண்ணிதான். ஆக, நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே இந்த ஊர்ப் பெயர் எங்கள் அணிக்கு ஓட்டுப் போட்டுவிட்டது. (சிரிப்பு)

நகை அணியின் தலைவர் சொன்னார்: "சினிமாவுக்குக் காசு கொடுத்துப் போறதே சிரிக்கத்தான்." அச்சம் அணியில் பேசிய தம்பி சொன்னார்: "பேய்ப் படம் பார்த்துட்டு ராத்திரி தனியாக் கொல்லைப் பக்கம் போகமுடியுமா? அதுதான் படத்தோட சக்தி." இரண்டும் நியாயமான பேச்சு. ஆனால் இரண்டு பேரும் ஒரு கேள்வியை விட்டுவிட்டார்கள். யாருடைய உடம்பு பயப்படும்போது நமக்குப் பயம் வருகிறது? யாருடைய உடம்பு பயப்படும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது? ஆண் அழுதால் என்ன பெயர், பெண் அழுதால் என்ன பெயர்? இதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது, நடுவர் அவர்களே.

முதலில் இலக்கணம். தமிழ் வாத்தியாரை மேடை ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு இயல். மெய் என்றால் உடம்பு. உள்ளே எழுகிற உணர்ச்சி உடம்பிலே வெளிப்படுவது மெய்ப்பாடு. செய்யுளியலில் அதற்கு ஒரு விளக்கம் தருகிறார் தொல்காப்பியர். அதன் கருத்தை நம்ம பேச்சில் சொன்னால் இப்படி: உட்கார்ந்து யோசித்துப் புரிந்துகொள்கிற வேலை இல்லாமல், சொன்ன பொருள் நேரே வந்து உடம்பிலே நிற்க வேண்டும். கண்ணில் நீர் அரும்ப வேண்டும், மயிர் சிலிர்க்க வேண்டும். இது சினிமாவுக்கு எழுதின இலக்கணம் மாதிரியே இல்லையா?

எட்டு மெய்ப்பாடு வகுக்கிறார். நகை, அச்சம், அழுகை மூன்றும் இந்த மேடைக்கு வந்துவிட்டன. வெகுளி, உவகை, பெருமிதம், மருட்கை, இளிவரல் ஐந்தும் கீழே உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன், ஆக முப்பத்திரண்டு. அழுகை எதனால் வரும்? இழிவுபடுத்தினால் வரும், இழந்தால் வரும், இருந்த நிலை தாழ்ந்தால் வரும், வறுமையால் வரும். கவனியுங்கள். 'பெண்ணாய்ப் பிறந்தால் வரும்' என்று ஐந்தாவதாக ஒன்றை அவர் எழுதவில்லை. (கைதட்டல்) தலைவிக்கு என்று தனி மெய்ப்பாடுகளையும் அந்த இயலிலேயே சொல்லியிருக்கிறார், அதை நான் மறைக்கவில்லை. நெற்றி வியர்ப்பது, வந்த சிரிப்பை மறைப்பது எல்லாம் அங்கே வருகிறது. ஆனால் அது காதல் கணக்கு. இந்த எட்டும் எல்லோருக்கும் பொது.

இப்போது வெளிநாட்டுக்கு ஒரு எட்டு போய் வருவோம். 1991இல் லிண்டா வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை ஒரு கட்டுரை எழுதினார். சில வகைப் படங்கள் பார்க்கிறவன் மூளையைத் தொடுவதற்கு முன்னால் உடம்பைத் தொடுகின்றன என்றார். மூன்று வகை சொன்னார். ஒன்று கண்ணீர்ப் படம். இன்னொன்று திகில் படம். மூன்றாவதை நான் சொல்ல மாட்டேன், குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சி. (சிரிப்பு) அந்த அம்மா சொன்னதிலே முக்கியமானது இதுதான்: இந்த மூன்று வகையிலும் திரையில் துடிக்கிற உடம்பு பெரும்பாலும் பெண்ணுடைய உடம்பு. அவள் துடிப்பதைப் பார்த்துத்தான் பார்க்கிறவர் உடம்பும் துடிக்கிறது.

இது நம்ம ஊருக்குப் பொருந்துமா? பாதி பொருந்தும். மீதிப் பாதிக்கு நம்ம மதுரையின் கதையைப் பார்க்க வேண்டும்.

1918இல் இந்த மதுரையிலே சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்வ பால சபை என்ற நாடக சபையைத் தொடங்கினார். பால சபை என்றால் பையன்கள் கம்பெனி. அங்கே சீதையாய் நின்றது யார்? பையன். வள்ளியாய் வந்தது யார்? பையன். சந்திரமதி பிள்ளையைப் பறிகொடுத்து அலறினாளே, அந்தத் தொண்டை யாருடையது? மீசை முளைக்காத ஒரு பையனுடையது. பெண்ணுடைய அழுகையை ஆண் பிள்ளைகள் பாடமாகப் படித்து ஒப்பித்த காலம் அது.

பேசும் படம் வந்தது 1931இல், 'காளிதாஸ்'. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. அந்த அம்மா நடித்ததோடு நிற்கவில்லை. 1936இல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தானே இயக்கினார். தமிழ்ப் படத்தை இயக்கிய முதல் பெண்மணி. 1937இல் மதுரை ராயல் டாக்கீஸாரின் 'சிந்தாமணி' வந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதர் பாட, ஊர் ஊராக ஜனம் மொய்த்தது. அந்தப் படம் கொடுத்த வரும்படியில் எழும்பியதுதான் மதுரை சிந்தாமணி தியேட்டர். ஒரு படம் ஒரு கட்டடத்தையே பெற்றெடுத்த ஊர் இது!

அப்புறம் 1952 தீபாவளி. மதுரையில் தங்கம் தியேட்டர் திறக்கிறார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரன் வெளியூர்க்காரனிடம் மார்தட்டிக்கொண்ட தியேட்டர். அங்கே போட்ட முதல் படம் 'பராசக்தி'. கலைஞர் மு. கருணாநிதி வசனம், கிருஷ்ணன் - பஞ்சு இயக்கம், சிவாஜி கணேசனுக்கு முதல் படம்.

அந்தப் படத்தில் யார் அழவேண்டியவள்? கல்யாணி. தாலி இழந்தவள், வீடு இழந்தவள், பசியில் நின்றவள், பெற்ற பிள்ளையையே ஆற்றில் வீசத் துணிகிற அளவுக்கு விரட்டப்பட்டவள். தொல்காப்பியர் சொன்ன நான்கு நிலைக்களனும் அந்த ஒருத்தி தலையில் விழுகிறது. ஆனால் கொட்டகை கைதட்டியது யாருக்கு? நீதிமன்றத்தில் நின்று பேசிய அண்ணன் குணசேகரனுக்கு! பட்ட துன்பம் தங்கையுடையது, பேசிய நாக்கு அண்ணனுடையது. நான் அந்தப் படத்தைக் குறை சொல்லவில்லை. எழுபது ஆண்டு தாண்டியும் அந்தக் காட்சி நிற்கிறது. கணக்கை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்தச் சிவாஜி எங்கிருந்து வந்தவர்? பையன்கள் கம்பெனியிலிருந்து. சின்ன வயதில் மேடையில் சீதையாக வேஷம் கட்டியவர். பெண் வேஷத்தில் அழப் பழகிய ஒரு பிள்ளை வளர்ந்து வந்துதான் தமிழ்நாட்டு ஆண்பிள்ளைகளுக்கு அழக் கற்றுக்கொடுத்தது. (கைதட்டல்) அமெரிக்கப் பேராசிரியைக்குத் தெரியாத மதுரைக் கதை இதுதான். கண்ணீர்ப் படம் என்றால் பெண்கள் படம் என்று உலகம் சொல்லும். நம்ம ஊரில் கண்ணீர்ப் படத்துக்கு முதல் ஆளாய் நின்று டிக்கெட் எடுத்தவன் ஆம்பளை!

1961இல் வந்தது 'பாசமலர்'. பீம்சிங் இயக்கம். சிவாஜி அண்ணன், சாவித்திரி தங்கை. கதையை நான் சொல்ல வேண்டாம், இங்கே இருக்கிற தாய்மார்களுக்குத் தெரியும். நான் சொல்ல வருவது திரையில் நடந்த கதை இல்லை. திரைக்கு எதிரே, மணலில் நடந்த கதை.

நான் நாலாங்கிளாஸ் படிக்கிறேன். 1978. எங்க பக்கத்து டூரிங் கொட்டகையில் 'பாசமலர்' பழைய காப்பி வந்திருந்தது. தரை டிக்கெட் என்றால் மணல்தான். மணலைக் குவித்து மேடாக்கி அதில் உட்காருவோம், முன்னால் இருக்கிறவன் தலை மறைத்தால் இன்னும் கொஞ்சம் குவிப்போம். நடுவிலே இடுப்பு உயரத்துக்கு ஒரு தடுப்பு. அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள். அம்மா அந்தப் பக்கம். நானும் அப்பாவும் இந்தப் பக்கம்.

அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் எங்க பெரிய அத்தை இறந்துபோனது. அப்பாவுக்குக் கூடப்பிறந்த ஒரே அக்கா. அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தது அத்தைதான் என்று சொல்வார்கள். அன்றைக்கு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி வைக்கிறார்கள். அப்பா பிறந்த வீட்டுக் கோடி எடுத்துக்கொண்டு போனார், மாலை வாங்கினார், கொட்டுக்காரர்களிடம் பேசினார், வந்தவர்களுக்குக் காப்பிக்குச் சொன்னார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. ஊரே பாராட்டியது. "ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்ப்பா, கல்லு மாதிரி நின்னு காரியத்தைப் பாத்தான்."

அந்தக் கல்லு, நடுவர் அவர்களே, கொட்டகையில் கரைந்தது. அண்ணனும் தங்கையும் கடைசியாகச் சந்திக்கிற இடம். பக்கத்தில் ஏதோ முனகல் கேட்கிறதே என்று திரும்பிப் பார்க்கிறேன். எங்க அப்பா துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்குகிறார். எனக்குப் பயம் வந்துவிட்டது. "என்னப்பா?" என்றேன். "தூசி விழுந்துருச்சுடா" என்றார். சுற்றிப் பார்த்தால் அந்த வரிசை முழுக்க எல்லோர் கண்ணிலும் தூசி! (சிரிப்பு) நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் நாற்பது வருஷமாக இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். படம் விட்டு வெளிச்சம் போட்டதும் அம்மா தடுப்பைத் தாண்டி வந்தது. அப்பா முகத்தை ஒரு தரம் பார்த்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வருகிறோம். பாதி வழியில் அம்மா மெதுவாகக் கேட்டது: "நம்ம வீட்டுல அழுகாத அழுகைய அங்க போயி அழுதீகளாக்கும்?"

அப்பா பதில் சொல்லவில்லை. சைக்கிள் மணியை ஒரு தரம் சும்மா அடித்தார். எதிரே யாரும் வரவில்லை.

அப்பா அன்றைக்கு அழுதது சாவித்திரிக்காக இல்லை. அத்தைக்காக. மூன்று மாதம் தாமதமாக வந்த அழுகை. அதற்கு ஒரு இருட்டு வேண்டியிருந்தது, ஒரு திரை வேண்டியிருந்தது, தனக்குப் பதிலாக முதலில் அழுது காட்ட ஒரு சிவாஜி வேண்டியிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள், அவர்களுக்கு அனுமதி இருந்தது. இந்தப் பக்கம் துண்டு வேண்டியிருந்தது. அந்த இடுப்பு உயரத் தடுப்பு மணலில் மட்டும் நட்டிருக்கவில்லை, மனசிலும் நட்டிருந்தது.

சரி, அழுகையின் கணக்கு இது. அடுத்து அச்சம். எதிரணித் தம்பி கவனிக்க வேண்டும்.

1964இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்கிற காட்சி. தமிழ் சினிமாவில் மெய்ப்பாட்டுக்கு இதைவிட ஒரு பாடம் கிடையாது. திரையில் பேய் இல்லை, பங்களா இல்லை, நாற்காலிதான் இருக்கிறது. நாகேஷ் வாயாலேயே சத்தம் கொடுக்கிறார், கையாலேயே கதவைத் திறக்கிறார். பாலையாவின் கண் விரிகிறது, வாய் கோணுகிறது, உடம்பு நாற்காலிக்குள் சுருங்குகிறது. அந்த மனிதருக்கு உண்மையிலேயே பயம். நமக்கு? வயிறு வலிக்கச் சிரிப்பு! ஏன்? பயப்படுகிறவர் மீசை வைத்த முதலாளி. 2005இல் 'சந்திரமுகி'. நம்ம மதுரைக்காரர் வடிவேலு அந்தப் பங்களாவில் நடுங்குகிறார், தியேட்டர் இடிந்து விழுகிறது சிரிப்பில். 2007இல் 'முனி', 2011இல் 'காஞ்சனா'. ராகவா லாரன்ஸின் கதாநாயகன் இருட்டைக் கண்டால் அம்மா இடுப்பில் ஏறுகிறான். அதற்கும் சிரிப்பு.

அதே பங்களாவில் அதே படிக்கட்டில் ஒரு பெண்ணை நிறுத்தி, அவள் முகத்தில் அந்தப் பயத்தைக் காட்டுங்கள். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். ஆண் பயந்தால் நகைச்சுவை, பெண் பயந்தால் திகில். ஆக, நகை அணித் தலைவரே, உங்கள் சிரிப்பில் பாதி ஆணுடைய பயத்திலிருந்து கடன் வாங்கியது. அச்சம் அணித் தம்பி, உங்கள் அச்சம் முழுக்கப் பெண்ணுடைய உடம்பிலிருந்து கடன் வாங்கியது. கடன்காரர்கள் இரண்டு பேருக்கும் நடுவர் தீர்ப்புச் சொல்ல முடியாது! (கைதட்டல்)

இப்போது கீழே உட்கார்ந்திருக்கிற ஐந்தில் ஒன்றை மேடைக்குக் கூப்பிடுகிறேன். வெகுளி. கோபம்.

தமிழ் சினிமாவில் ஆணுக்குக் கோபம் வர என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாம். காலையில் காப்பி ஆறிப்போனால் போதும். (சிரிப்பு) பெண்ணுக்குக் கோபம் வர? ஒன்று சாமி வர வேண்டும், இல்லை பேய் வர வேண்டும்.

1971இல் கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் 'ஆதிபராசக்தி'. அந்தப் படம் ஓடும்போது கொட்டகைக்குள் பெண்கள் சாமியாடியதை எங்க அம்மா வயசுக்காரர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். நான் கண்ணால் பார்த்தது அதற்கு இருபது வருஷத்துக்கு மேல் கழித்து. 1995இல் தெலுங்கில் வந்த 'அம்மோரு', தமிழில் 'அம்மன்' ஆகி வந்திருந்த சமயம். எங்க தெருவிலே ஒரு அக்கா. புருஷன் முன்னால் நிமிர்ந்து நின்று பேசி யாரும் பார்த்ததில்லை. படத்தின் கடைசிக் கட்டம், அம்மன் எழுந்து நிற்கிறாள். இந்த அக்காவும் எழுந்து நின்றுவிட்டது. கூந்தல் அவிழ்ந்துபோச்சு, பல்லைக் கடிக்குது, மூச்சு இரைக்குது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்து, "டேய்!" என்றது.

அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா, தப்பு நடந்திருந்தா மன்னிச்சுக்க" என்றார். அந்த அக்கா வரிசையாகக் கேட்டது. சீட்டுப் பணம் எங்கே போச்சு, எதற்காக அடிச்சே, பிள்ளை படிப்பை ஏன் நிறுத்தினே? கேட்டது அத்தனையும் ஞாயமான கேள்வி. தியேட்டர் ஆள் திருநீறு கொண்டுவந்து பூசினார். பத்து நிமிஷத்தில் அடங்கியது. கண் திறந்ததும் அந்த அக்கா முதலில் கேட்டது, "என் சேலை ஒதுங்குச்சா?"

நான் பக்தியைக் கிண்டல் செய்யவில்லை, தாய்மார்கள் தவறாக நினைக்கக் கூடாது. அந்த அக்காவுக்கு வந்தது சாமி என்று நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் கேள்வி ஒன்றுதான். அந்தக் கேள்விகளைத் தன் வீட்டு அடுப்படியில் நின்று, தன் சொந்தக் குரலில், கூந்தல் அவிழாமல் கேட்க அந்த அக்காவுக்கு ஏன் முடியவில்லை?

பேய்ப் படத்திலும் இதே கதைதான். 1978இல் 'ஆயிரம் ஜென்மங்கள்'. இறந்துபோன காதலியின் ஆவி மனைவியின் உடம்பில் புகுந்து நியாயம் கேட்கிறது. 'சந்திரமுகி'யில் ஜோதிகா ஏற்ற கங்கா, கங்காவாக இருக்கும்வரை சாந்தம். அவள் சந்திரமுகியாக மாறின பிறகுதான் கட்டிலைத் தூக்குகிற பலமும் வருகிறது, கண்ணில் நெருப்பும் வருகிறது. 'காஞ்சனா'வில் சரத்குமார் ஒரு திருநங்கையாக வந்தார். உயிரோடு இருந்தவரை அவமானம், அடி, கடைசியில் கொலை. கோபப்படுகிற உரிமை கிடைத்தது செத்த பிறகு, அதுவும் இன்னொருவன் உடம்பில் புகுந்து! பெண்ணும் திருநங்கையும் கோபப்பட வேண்டுமென்றால் ஒன்று தெய்வமாக வேண்டும், இல்லையென்றால் செத்துப் பேயாக வேண்டும். மனுஷியாக இருந்து கோபப்பட வழி இல்லை.

"விதிவிலக்கே இல்லையா?" என்று நடுவர் கேட்பார். இருக்கிறது. அதே 1978இல் ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்'. ஸ்ரீப்ரியா. சாமியும் வரவில்லை, பேயும் வரவில்லை. ஒரு பெண் தன் கோபத்தைத் தன் வாயால் பேசினாள். அதற்கு நான்கு வருஷம் முன்னால், 1974இல், பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை'யில் சுஜாதா. குடும்பத்தையே தோளில் சுமந்துகொண்டு, அந்தக் குடும்பத்தையே கேள்வி கேட்டாள். இவையெல்லாம் நடந்தன. ஆனால் 1978இல் வந்த அந்த இரண்டு வழியில் நம்ம சினிமா எந்த வழியில் அதிகம் நடந்தது? பேய் போன வழியில்தான் கூட்டம் கூட்டமாகப் போனது.

இதைப் பேச மதுரை மண்ணுக்கு உரிமை உண்டு. ஏனென்றால் தமிழில் ஒரு பெண் கோபப்பட்டதற்கு மிகப் பெரிய சாட்சி இந்த ஊர். எரிந்த ஊர் இது! கண்ணகி அரசவைக்கு வந்தபோது அவள் உடம்பில் எந்தச் சாமியும் இறங்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண், கையில் சிலம்பு, கண்ணில் நீர், வாயில் வழக்கு. 1942இல் கண்ணாம்பா அந்தக் கண்ணகியாக நின்றார். 1964இல் 'பூம்புகார்' படத்தில் விஜயகுமாரி நின்றார். இரண்டையும் பார்த்துத் தமிழன் சிலிர்த்தான். சிலிர்த்துவிட்டு என்ன செய்தான்? அவளைத் தெய்வமாக்கிக் கோயிலுக்குள் வைத்துவிட்டு, வீட்டில் இருக்கிறவள் குரல் உயர்த்தினால், "பெரிய கண்ணகின்னு நினைப்பு" என்றான். (நீண்ட கைதட்டல்)

தாய்மார்கள்தான் அதிகம் கைதட்டுகிறீர்கள். ஐயாமார்களும் தட்டலாம், வெளிச்சமாக இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

இந்தப் பரவை ஊர் தமிழ் சினிமாவுக்கு ஒரு குரலைக் கொடுத்தது. பரவை முனியம்மா. வயலிலும் திருவிழாவிலும் பாடிய நாட்டுப்புறக் குரல். 2003இல் 'தூள்' படத்தில், வாழ்க்கையின் பிற்பகுதியில், திரைக்கு வந்தார். கதாநாயகன் விக்ரம் சண்டை போடுகிறார், இந்தம்மா பாடுகிறார். நினைத்துப் பாருங்கள். சண்டைக் காட்சி என்றால் ஆண்களின் கோட்டை. அந்தக் கோட்டையில் ஆண் பிள்ளைகளின் கையில் மயிர் சிலிர்க்க வைத்தது யார் குரல்? கண்டாங்கிச் சேலை கட்டிய ஒரு கிழவியின் குரல்! அந்தக் குரலில் அழுகை இல்லை, ஆவி இல்லை. பெருமிதம் இருந்தது. பெருமிதத்துக்குத் தொல்காப்பியர் சொன்ன நான்கில் தறுகண்ணும் ஒன்று, அஞ்சாமை. அதை மேலே நின்று பாடியது பரவைக்காரி. 2020 மார்ச்சில் அந்தம்மா மறைந்துபோனார்கள். குரல் மறையவில்லை.

நேரம் ஆகிறது, நடுவர் மணியைத் தொடுகிறார். முடித்துவிடுகிறேன்.

இன்றைக்குத் தங்கம் தியேட்டர் இல்லை. சிந்தாமணி தியேட்டரும் இல்லை. டூரிங் கொட்டகை மணலும் இல்லை. தடுப்பு போய்விட்டது, அது நல்ல காரியம். ஆனால் இருட்டும் போய்விட்டதே! கண்ணீர், வீட்டு ஹாலுக்குத் தொலைக்காட்சித் தொடராக வந்துவிட்டது. குழல்விளக்கு எரிகிறது, பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிறான், குக்கர் விசில் அடிக்கிறது. அங்கே பெண் அழலாம். ஆண் அழ முடியுமா? "தூசி விழுந்துருச்சு" என்று சொன்னால் யார் நம்புவார்? துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்க எங்க அப்பாவுக்கு ஒரு கொட்டகை இருந்தது. இன்றைக்கு இருக்கிற அப்பாக்கள் எங்கே போய் அழுகிறார்கள்? எனக்குத் தெரிந்து நிறையப் பேர் அழுவதே இல்லை. அது வேறு வழியில் வெளியே வருகிறது. குடியாக வருகிறது, அடியாக வருகிறது, நெஞ்சுவலியாக வருகிறது.

எங்க அப்பா இறந்தன்றைக்கு நான் கோடித்துணி வாங்கினேன், மாலை வாங்கினேன், எல்லாம் செய்தேன். மெய்ப்பாட்டியலைப் பாடம் நடத்துகிறவன், கல்லு மாதிரி நின்றேன். எங்க அம்மா கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, "இங்கயே அழுதுருடா. சினிமாவுக்குப் போறவரைக்கும் வச்சிருக்காத" என்றது. அழுதேன். பட்டப்பகல். ஊர் பார்த்தது. பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று. பரவை என்ற பெயரில் நம்ம இலக்கியத்தில் ஒரு பெண் இருக்கிறாள். திருவாரூர்ப் பரவை நாச்சியார். இந்த ஊர்ப் பெயருக்கும் அந்தம்மாவுக்கும் சம்பந்தம் உண்டென்று நான் கட்டிவிடவில்லை. சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்துவிட்டுத் திரும்பி வருகிறார். பரவையாருக்குக் கோபம். கதவு திறக்கவில்லை. சுந்தரர் போய்ச் சிவபெருமானிடம் விழுகிறார். சிவபெருமான் ராத்திரியில் திருவாரூர்த் தெருவில் தூது நடக்கிறார். முதல் தரம் அர்ச்சகர் வேஷத்தில் போகிறார். பரவையார் மறுத்துவிடுகிறார். இரண்டாம் தரம் தன் சொந்த உருவத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. பெரிய புராணம் சொல்கிற கதை.

பாருங்கள், அவள் கோபத்துக்கு அவள் உடம்பில் எந்தச் சாமியும் ஏறவில்லை. சாமிதான் அவள் வாசலுக்கு இறங்கி வந்தது! (கைதட்டல்)

அந்தக் கதை தெரிந்த ஒரு இனம், தன் சினிமாவில் மட்டும் பெண்ணின் கோபத்துக்கு வேப்பிலையும் பில்லிசூனியமும் தேடியது. அக்காவுக்காக அழவேண்டிய ஆணைக் கொட்டகை இருட்டுக்கு அனுப்பிவைத்தது. ஆகவே நடுவர் அவர்களே, தமிழ்த் திரைப்படத்தில் ஓங்கி நிற்பது அழுகையே என்று தீர்ப்புச் சொல்லுங்கள். சிரிப்பும் பயமும் வந்து போகும் விருந்தாளிகள். அழுகை மட்டும்தான் நாம் வீட்டில் இடம் கொடுக்காமல் கொட்டகையில் குடிவைத்த சொந்தக்காரர்.

தீர்ப்போடு ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். ஆணின் கண்ணீரும் பெண்ணின் கோபமும் இனிமேல் வெளிச்சத்திலேயே வரட்டும் என்று சொல்லுங்கள். துண்டு வேண்டாம், திருநீறும் வேண்டாம்.